ஜென்ட்டி வாங்கிய நற்சான்று

என் தங்கை மகள் ஜென்ட்டி நல்ல தாய்தான் என்று ஊர்க் கவுன்சில் ஒப்புக்கொண்டுவிட்டது. அவள் பிள்ளை அவளிடமே இருக்கலாமாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இன்னும் அது போகவில்லை, போகவேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை.

நாங்கள் வீடாக வைத்திருக்கும் கேரவன் வண்டிகளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதும் இதே கவுன்சில்தான். ஒரு பக்கம் பைபாஸ் ரோடு. இன்னொரு பக்கம், ஊர் மொத்தத்தின் கக்கூஸ் தண்ணீரையும் வாங்கிச் சுத்தம் செய்கிற நிலையம். கிழக்குக் காற்று அடித்தால் ஊர்க்காரர்கள் காலையில் கழித்ததெல்லாம் மத்தியானம் எங்கள் மூக்குக்கு வந்துசேரும். ஜிப்ஸிகளுக்கு இது போதும் என்று வரைபடத்தில் யாரோ விரல் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்தான் எங்கள் வீட்டுச் சுத்தத்துக்கு மார்க் போட ஆள் அனுப்பியது.

ஜென்ட்டி பென்ஃபோல்டைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அவளைப் பார்த்து மூக்கைப் பொத்தியிருக்கிறாள். ஜென்ட்டி அழவில்லை. "உங்க வீட்டுக் கக்கூஸ் அடுப்படிக்கு அந்தப் பக்கத்து சுவர்லதானே இருக்கு? உங்க பூனை சாப்பாட்டு மேசை மேல ஏறி நடக்கும்ல? அப்ப யாருடி நாத்தம்?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவால் மண்டையில் ஒன்று போட்டாள். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். நான்தான் போனேன். வெளியே வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினொரு வயதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நின்றுவிட்டாள். ஆனால் பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பாள், படித்துவிட்டுத் திட்டவும் திட்டுவாள்.

சுத்தம் என்றால் அவளுக்குப் பைத்தியம். எங்கள் பெண்கள் எல்லோருக்குமே உண்டு, அவளுக்கு ஒரு படி கூட. தட்டு கழுவும் பேசின் தட்டு கழுவ மட்டும். முகம் கழுவ வேறு, உடம்பு கழுவ வேறு, துணிக்கு வேறு, தரைக்கு வேறு. ஒன்றின் வேலையை இன்னொன்றில் செய்துவிட்டால் அதற்கு 'மோக்கடி' என்று பெயர். சாதாரண அழுக்கு தேய்த்தால் போய்விடும். மோக்கடி கொதிக்கவைத்தாலும் போகாது, பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இதில் ஆள் பார்ப்பது கிடையாது. பிறப்பால் யாரும் மோக்கடி இல்லை. மகாராணியே வந்து தட்டு பேசினில் கை கழுவினாலும் பேசின் வெளியே போகும், மகாராணிக்கு உள்ளே தேநீர் கிடைக்கும்.

அவள் கட்டிக்கொண்டது ஏப்ரமை. மரம் வெட்டுகிறவன், வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் இருந்து, பிறகு பெரின் பிறந்தான். ஜென்ட்டியின் கேரவனில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த கக்கூஸ் ஒன்று உண்டு. எங்களில் யாரும் அதைத் தொடமாட்டோம். படுத்து உண்ணும் இடத்துக்குள் அந்த வேலையா? அதற்கென்று வெளியே தனிக் கட்டடம் இருக்கிறது. அந்தச் சின்ன அறையில் அவள் துடைப்பம் வைத்திருந்தாள்.

பெரினுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது வாந்தியும் பேதியும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். வார்டில் ஒரே ஒரு சிங்க். நர்ஸ் இவன் துணியை மாற்றிவிட்டு அதில் கை கழுவினாள். பிறகு அதிலேயே இவன் பால் குடிக்கும் கப்பையும் அலசினாள். ஜென்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய்வரை வந்ததை விழுங்கினாள். பிள்ளையைக் காப்பாற்றுகிறவளின் முகத்துக்கு நேரே உன் சிங்க் அசுத்தம் என்று எப்படிச் சொல்வாள்? கீழே ஏப்ரமின் வண்டியில் தண்ணீர் கேன் இருந்தது, வீட்டு பேசின்களும் இருந்தன. பிள்ளையை ஒரு கையிலும் டிரிப்ஸ் பையை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிவிட்டாள், ஒழுங்காகக் குளிப்பாட்டிக் கொண்டுவந்துவிடலாம் என்று. வாசலில் காவலாளி மறித்தான்.

"எங்க போறீங்க?"

"வண்டிக்கு. இப்ப வந்துடுவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வைத்தியத்தைப் பாதியில் விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள் என்று ஆகிவிட்டது. ஜிப்ஸி, வண்டி, ஓட்டம். இதற்குமேல் அவர்களுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை குணமாகி வீட்டுக்கு வந்த வாரமே கவுன்சிலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டது. இந்த அப்பா அம்மாவிடம் பிள்ளையை விட்டுவைக்கலாமா என்று வாராவாரம் வந்து பார்த்து மதிப்பிடுவார்களாம். கூடாது என்று தோன்றினால் கோர்ட்டுக்குப் போவார்களாம். கோர்ட்டுக்குப் போனால் பெரின் வேறு யார் வீட்டிலோ வளருவான்.

வந்தவள் பெயர் ஃபிலிப்பா. நல்லவள். அதுதான் எரிச்சலே. கெட்டவளாக இருந்தால் வைது தீர்த்திருக்கலாம். மெல்லிய குரல், சின்னக் கார், கறுப்புக் கோட்டு முழுக்க நாய் மயிர்.

"நான் உங்க பக்கம்தான், ஜென்ட்டி. என்னை ஒரு தோழியா நினைச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். எந்தத் தோழி ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள்?

கக்கூஸ் கதவைத் திறந்து துடைப்பங்களைப் பார்த்தவள் குழம்பிப்போனாள். "சின்னக் குழந்தை இருக்கற வீடு. உள்ளேயே இருக்கறத உபயோகிச்சா உங்களுக்கு வசதியா இருக்குமே?"

அடுப்புக்குப் பக்கத்தில் கக்கூஸ் குழி தோண்டச் சொன்னதுபோல ஜென்ட்டிக்கு முகம் போயிற்று. "வெளிய இருக்கு, மிஸ். பழகிடுச்சு" என்றாள்.

பிறகு ஃபிலிப்பா சுற்றிலும் பார்த்தாள். கண்ணாடிச் சாமான்கள் பளபளத்தன, தரையில் முகம் தெரிந்தது. "எல்லாம் ரொம்ப... சுத்தமா இருக்கு. குழந்தை விளையாடற வீடு மாதிரியே தெரியலையே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைப்பீங்க? துடைக்கலன்னா பதட்டமா இருக்குமா?"

அழுக்காக இருந்திருந்தால் அலட்சியம் என்று எழுதியிருப்பாள். சுத்தமாக இருந்ததால் மனக்கோளாறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

நான் சும்மா இருக்கவில்லை. அவள் காருக்குப் போகும் வழியில் மறித்து, பேசின் சமாசாரத்தை, ஆஸ்பத்திரி சிங்க்கை, எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "உங்க கலாச்சாரத்து மேல எனக்கு ரொம்ப மரியாதை, மேடம்" என்றாள். ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. ஏதோ கைவினைப் பொருளை விலை பேசாமல் பாராட்டிவிட்டுப் போவதுபோலப் போய்விட்டாள்.

இன்னொரு நாள் ஜென்ட்டியைச் சகஜமாக்குவதற்காகத் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். "எங்க டெய்சி என் மெத்தையிலதான் தூங்குவா. பையன் ஐஸ்கிரீம் சாப்பிட்டா தட்ட கழுவவே வேணாம், அவளே நக்கி முடிச்சிடுவா!" என்று சிரித்தாள். ஜென்ட்டியும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினாள். கார் கிளம்பியதும் வெளியே ஓடிப்போய்க் காறித் துப்பினாள்.

"பெரியம்மா, அந்தம்மாவுக்கும் ஒரு பையன் இருக்கானாம். நாய் நக்கின தட்டுல சாப்பிடறானாம். அவன யாரு வந்து பாக்கறா?"

வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

நிலைமை மோசமானது ஒரு கப்பால். ஒரு நாள் ஜென்ட்டி தேநீர் ஊற்றும்போது கப்பின் விளிம்பில் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தாள். அந்தக் கணமே கதவைத் திறந்து கல்தரையில் போட்டு உடைத்தாள். விரிசல் விட்ட கப்பை எங்களில் எந்தப் பெண்ணும் வீட்டில் வைக்கமாட்டாள். ஃபிலிப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"கோபம் வந்தா பொருள உடைக்கற பழக்கம் உண்டா, ஜென்ட்டி?"

"கோபமில்ல, மிஸ். கப்புல விரிசல். அழுக்கு போய்த் தங்கும்."

"சரி. ஆனா குழந்தை முன்னாடி உடைச்சீங்க."

"விரிசல், மிஸ்!" என்று ஜென்ட்டி குரலை உயர்த்தினாள். அந்த உயர்ந்த குரலும் சேர்ந்து கணக்கில் ஏறிவிட்டது.

சர்ச் மூலமாகக் கிடைத்த வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதப் பாருங்க. அவங்க தேடறதே உங்க கோபத்தத்தான். இனிமே அவங்க என்ன செஞ்சாலும் குரல உயர்த்தாதீங்க, எதையும் தூக்கி எறியாதீங்க. விளக்கமும் சொல்லாதீங்க. விளக்கம் சொன்னா ஒத்துழைக்கலன்னு சொல்லுவாங்க. கடைசியா ஒரு தடவ சாப்பாட்டு நேரத்துல வருவாங்க. குடும்பத்துல எல்லாரும் கூட இருங்க. அதுல கோணினா கோர்ட்டுதான்."

அந்த நாள் வந்தது. கேரவனில் நானும், ஏப்ரமும், அவன் அம்மா எசேலியாவும் நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், பல் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல. எசேலியா பழைய காலத்து மனுஷி. அவள் வீட்டு விளக்குத் தண்டைக்கூடத் தொட்டால் வழுக்கும். அடுப்பில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கொதித்தன. நல்ல தட்டுகளை ஜென்ட்டி எவர்சில்வர் பேசினில் வெந்நீரில் போட்டிருந்தாள். அது அவள் கல்யாணத்துக்கு எசேலியா வாங்கிக்கொடுத்த பேசின்.

ஃபிலிப்பா தரையில் உட்கார்ந்து பெரினோடு விளையாடினாள். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் மடியில் வாந்தி எடுத்தான்.

"பரவால்ல, பரவால்ல! நீங்க இருங்க, நான் பாத்துக்கறேன்!" என்று ஜென்ட்டி எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். உதவி செய்கிறாளாம். ஒரு துணியால் மடியையும் பெரினின் வாயையும் துடைத்தாள். அவன் கால்சட்டையைக் கழற்றினாள். கீழேயும் இளகிப் போயிருந்தது, அதையும் அதே துணியால் துடைத்தாள். பிறகு நேராகப் போய், அந்தத் துணியைத் தட்டுகள் கிடந்த பேசினுக்குள் முக்கி அலசினாள். அலசிப் பிழிந்து, அந்தத் தண்ணீரிலேயே கையையும் கழுவிக்கொண்டாள்.

ஏப்ரமின் கை முஷ்டியாக இறுகியது. எசேலியா கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜென்ட்டியின் முகத்தைப் பார்த்தேன். சிறுவயதில் அந்தச் சாப்பாட்டு டப்பாவை ஓங்கியபோதும் இந்த முகம்தான் இருந்திருக்கும். தூக்கி எறி என்று என் உடம்பில் இருந்த ரத்தம் மொத்தமும் கத்தியது. எறிந்தால் பிள்ளை போய்விடும் என்பதும் தெரிந்தது.

"நீங்க பாட்டுக்கு சாப்பாடு போடுங்க, ஜென்ட்டி. நான் இருக்கறதயே மறந்துடுங்க" என்றாள் ஃபிலிப்பா, கையைத் துடைத்துக்கொண்டு. "பெரின் சாப்பிடறத பாத்துட்டுப் போறேன்."

ஜென்ட்டி எழுந்தாள். பெரினைத் தனிப் பேசினில் கழுவி, கால்சட்டை மாற்றினாள். தன் கையை இருமுறை கழுவினாள். பிறகு தட்டு பேசினிடம் போய் அதன் தண்ணீரைக் கொட்டினாள். வேறு பேசின் எடுத்தால் ஏன் என்று கேள்வி வரும், விளக்கமும் சொல்லக் கூடாது. அதே பேசினில் புதுத் தண்ணீர் ஊற்றினாள். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தாள். குழம்பு ஊற்றி, கறியை விரலால் பிய்த்து மசித்து, ஊதி ஊதிப் பெரினின் வாயில் வைத்தாள்.

"நல்லா இருக்காடா, தங்கம்?" என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிள்ளைக்குத் தெரிந்தே அசிங்கத்தை ஊட்டுகிறவளை எங்கள் ஆட்கள் தாய் என்றே சொல்லமாட்டார்கள். அவளைத் தாய் என்று ஒப்புக்கொள்ள வைக்க, அவள் அதைத்தான் செய்யவேண்டியிருந்தது.

எசேலியா எழுந்து, "எனக்குத் தல வலிக்குது" என்று சொல்லி வெளியே போனாள். அவளுக்கும் ஒரு தட்டு போட்டிருந்தது. ஏப்ரம் தன் தட்டைச் சாப்பிட்டான், மண்ணைத் தின்பதுபோல. நானும் சாப்பிட்டேன். ஃபிலிப்பா மட்டும், "அருமையா இருக்கே! என்ன போட்டீங்க?" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

கார் திருப்பத்தைத் தாண்டியதும் ஜென்ட்டி பேசினையும் தட்டுகளையும் ஸ்பூன்களையும் மேசைத் துணியையும் வாரிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். பிறகு தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். பெரினை வாந்தி எடுக்கவைக்க முடியாதே. அவனை மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனேன். "தொடாதீங்க, பெரியம்மா" என்றாள்.

சில வாரம் கழித்து ஃபிலிப்பா கையில் பூங்கொத்தோடு வந்தாள். முடிந்துவிட்டதாம், இனி யாரும் வரமாட்டார்களாம்.

"உண்மைய சொல்லணும்னா, அதுவரைக்கும் எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள். "அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துலதான் உங்கள நெஜமா பாத்தேன். குழந்தை வாந்தி எடுத்தும் ஒரு பதட்டமில்ல, கோபமில்ல. சகஜமா கழுவி சகஜமா ஊட்டினீங்க. எவ்வளவு மாறிட்டீங்க, ஜென்ட்டி! எனக்கே பெருமையா இருக்கு."

ஜென்ட்டி, "தேங்க்ஸ், மிஸ்" என்றாள். தேநீர் கொடுத்தாள், கேக் கொடுத்தாள், கார்வரை போய்க் கையசைத்தாள். பூங்கொத்தை நான் வாங்கிக் கழிவு நிலையத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். வயதானவள் மேல் யாரும் மதிப்பீடு நடத்தமாட்டார்கள்.

அன்று சாயங்காலமே எசேலியா வந்தாள். அந்தச் சாப்பாட்டு நாளிலிருந்து அவள் ஜென்ட்டியின் படி ஏறவில்லை. தினமும் அனுப்பும் ரொட்டியும் நின்றுபோயிருந்தது. இடம் சின்னது, செய்தி எல்லா கேரவனுக்கும் போய்விட்டது. பெண்கள் ஜென்ட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள், பேசினார்கள், அவள் வீட்டில் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நழுவினார்கள்.

எசேலியா வாசலிலேயே நின்றாள். "புள்ள நம்மகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்களாமே. கடவுளுக்கு நன்றி."

"உள்ள வாங்க, அத்தை."

"இல்லம்மா. இங்கயே நிக்கறேன்."

"அந்த சாமானெல்லாம் அன்னைக்கே எறிஞ்சுட்டேன். எல்லாம் புதுசு."

"எறிஞ்ச, பாத்தேன். சாமான் சரி." எசேலியா குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சே கழுவி ஊட்டின கை அதேதானம்மா. நான் என்ன பண்ணட்டும்? எனக்கு அந்தக் கையால வாங்கி சாப்பிட மனசு வரல."

நான் வாயைத் திறந்தேன். ஏப்ரம் எனக்கு முன்னால் எழுந்து, "அம்மா!" என்று அதட்டினான். ஜென்ட்டி இருவரையும் கையமர்த்தினாள். உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த பெரினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை மாதமாக அடக்கிவைத்த குரல் அப்போதுதான் வெளியே வந்தது, இடம் முழுக்கக் கேட்டது.

"கை மட்டுமா, அத்தை? அது இவன் வயித்துக்குள்ள போயிருக்கு. தட்டு மோக்கடி, எறிஞ்சேன். பேசின் மோக்கடி, எறிஞ்சேன். இந்தாங்க, இவனும் அதத்தான் தின்னான். எறியுங்க! எறியுங்க பாக்கலாம்!"

பிள்ளையைக் கொண்டுபோய் அவள் நெஞ்சில் வைத்தாள். எசேலியா தடுமாறிப் பிடித்துக்கொண்டாள். பெரின் விழித்து அழுதான், பிறகு பாட்டியைத் தெரிந்துகொண்டு அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். எசேலியாவின் வாய் கோணியது. அவனை இறுக்கிக்கொண்டு அவன் தலையில் முகத்தைப் புதைத்தாள். பிறகு படியேறி உள்ளே வந்து, பெஞ்சில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு கப் டீ போடு, ஜென்ட்டி" என்றாள். "உன் கையால போடு."

வீடு தேடி வந்தவருக்கு எங்களில் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது கிடையாது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தவளுக்கு அத்தனை வாரமும் ஜென்ட்டி தேநீர் ஊற்றினாள். அன்று கெட்டிலைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மாமியாருக்கு எதிரே நின்றாள்.

"மாட்டேன்" என்றாள்.